இன்டராக்‌ஷன் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். பகலில் மொழிபெயர்ப்பு வேலை. மருந்துத் துண்டறிக்கை, பாடக் குறிப்பு, இயந்திரத்தோடு வரும் கையேடு, கூட்ட அழைப்பு என எது வந்தாலும் செய்வேன். இந்த வேலையில் என் பேனாவை அதிக முறை நிறுத்திய சொல் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: இன்டராக்‌ஷன். நர்சிங் படிக்கும் பெண் கேட்கிறாள், பொறியியல் மாணவன் கேட்கிறான், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போய்வந்த தாயும் கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

இந்தச் சொல்லின் நேர்ப்பொருள் என்ன?

லத்தீன் வேர்களால் ஆன சொல் இது. இன்டர் என்றால் இடையில். ஆக்‌ஷன் என்றால் செயல். ஆங்கிலத்தில் 19ஆம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் 'இடையில் நடக்கும் செயல்' என்று மட்டும் சொன்னால் பாதிப் பொருள்தான் கிடைக்கும். இது செய்வது அதைத் தொட வேண்டும். அது திரும்ப இதைத் தொட வேண்டும். முடிவில் இரண்டுமே முன்பு இருந்த மாதிரி இருக்கக் கூடாது.

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு இதைக் கேரம் பலகையை வைத்துத்தான் சொல்வேன். வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் கேரம் ஆடாத தெரு குறைவு. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்த வடசென்னைப் பெண்தான். ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிறோம். அது காயில் மோதுகிறது. காய் நகர்கிறது என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். ஸ்ட்ரைக்கரும் வேகம் குறைந்து திசை மாறுகிறது என்பதை நல்ல ஆட்டக்காரர் மட்டும்தான் பார்க்கிறார். காய் குழியில் விழுந்த பிறகு ஸ்ட்ரைக்கரும் பின்னாலேயே போய் விழுந்துவிட்டால் அபராதம் என்பதால் அவர் அதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டிருப்பார். மோதலில் காய்க்கு என்ன ஆயிற்று, ஸ்ட்ரைக்கருக்கு என்ன ஆயிற்று என்று இரண்டு பக்கமும் கேட்கத் தெரிந்துவிட்டால் இந்தச் சொல் புரிந்துவிட்டது என்று பொருள்.

அப்படியானால் தமிழில் ஒரு சொல்லைச் சொல்லிவிடுங்களேன், எல்லா இடத்திலும் போட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. ஒரு சொல் போதாது. அறிவியல் பாடத்தில் இடைவினை. கணினியிலும் திரையிலும் புள்ளியியலிலும் ஊடாட்டம். மனிதர்கள் என்றால் பழகுதல், பேசிக்கொள்ளுதல், கலந்து பேசுதல், அளவளாவுதல், கொடுக்கல் வாங்கல் என்று இடத்துக்கு ஏற்றபடி. மருந்து என்றால் 'சேராது'. இவை ஒன்றுக்குப் பதிலாக ஒன்று நிற்பவை அல்ல. 'மாமியாரோடு இடைவினை புரிந்தாள்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. 'எலெக்ட்ரான்கள் அளவளாவின' என்று எழுதினாலும் அப்படித்தான்.

இடைவினை என்பது நல்ல சொல்தானே? அதில் உங்களுக்கு என்ன தயக்கம்?

நல்ல சொல். இடை, வினை இரண்டுமே பழந்தமிழ்ச் சொற்கள். வேதிவினை, எதிர்வினை, வினைபடுபொருள் என்று பள்ளிப் பாடத்தில் ஏற்கெனவே உள்ள குடும்பத்தோடு இயல்பாக ஒட்டிக்கொள்கிறது. அறிவியல் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

தயக்கம் வந்தது ஓர் ஆயாவால். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறிய மருத்துவமனைக்காகத் துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்த்தேன். அதில் 'மருந்து இடைவினைகள்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்திருந்தேன். சரியாக எழுதிவிட்டோம் என்ற நிறைவு எனக்கு. காசிமேட்டில் மீன் விற்கும் ஆயா ஒருவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இது யார் செய்த வினை தம்பி? நான் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லையே" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.

அவர் படித்ததில் தவறே இல்லை. வினை என்றால் செயல் என்பது புத்தகத்தில். ஆயாவின் வாழ்க்கையில் வினை என்றால் முன்வினை, தீவினை, 'விளையாட்டு வினையாயிற்று' என்பதில் வரும் வினை. நோயோடு வந்தவரிடம் போய் வினை என்று சொன்னால் அவர் வேறு என்ன நினைப்பார்? அன்றிலிருந்து நோயாளிகள் படிக்கும் தாளில் இந்தச் சொல்லை நான் எழுதுவதில்லை. மருந்தாளுநருக்கான பாடநூலில் எழுதுகிறேன். அந்த ஆயாவுக்கு என்ன எழுதினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஊடாட்டம் என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஊடல் என்பதோடு தொடர்பு உண்டா?

ஊடு என்றால் நடு, இடை, உள்ளே என்று பொருள். ஊடே புகுந்தான், ஊடுருவினான் என்கிறோம் அல்லவா, அந்த ஊடு. ஊடாடு என்றால் இடையே புகுந்து திரிதல், கலந்து பழகுதல். ஓடு ஓட்டமாவது போல ஊடாடு ஊடாட்டம் ஆகிறது. கணினிக்காரர்கள் புதிதாகச் செய்த சொல் என்று பலர் நினைக்கிறார்கள். வினைச்சொல் பழையது, அதைக் கணினிக்குக் கொண்டுவந்ததுதான் புதிது.

நெசவுக்காரர்களிடம் ஊடு என்ற சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல் பாவு. குறுக்கே போய்வரும் நூல் ஊடு, ஊடை. ஊடும் பாவும் சேர்ந்தால்தான் துணி. பாவு மட்டும் இருந்தால் நூல் வரிசை, ஊடு மட்டும் இருந்தால் நூல் குவியல். ஊடாட்டம் என்ற சொல்லை நான் விரும்புவதற்கு இந்தத் தறிதான் காரணம். திருவொற்றியூர்ப் பக்கத்தில் காலடிப்பேட்டை நெசவாளர்களுக்காகவே உருவான குடியிருப்பு. துணியை வெளுப்பவர்களால் வண்ணாரப்பேட்டைக்குப் பெயர் வந்தது. துணியால் பிழைத்த ஊர் இது. ஊடும் பாவும் இங்கே பிறந்தவருக்கு அந்நியச் சொற்கள் இல்லை.

ஊடல் என்பது காதலர் பொய்க்கோபம். திருக்குறளின் கடைசி அதிகாரமே ஊடலுவகைதான். எழுத்து ஒன்றாக இருந்தாலும் அந்த 'ஊடு' வினைச்சொல். பிணங்குதல் என்று பொருள். ஊடாட்டம் என்று எழுதினால் யாரும் அதைப் பிணக்கு என்று படிக்க மாட்டார்கள். ஆனால் 'ஊடல்' என்று சுருக்கிவிடாதீர்கள். 'பயனர் ஊடல்' என்று ஒரு மாணவன் எழுதியதைப் பார்த்திருக்கிறேன். பொருளே மாறிப்போகிறது.

இலங்கை நண்பர் 'இடைத்தாக்கம்' என்று எழுதுகிறார். அது தவறா?

தவறில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் வேதிவினை என்று சொல்வதை இலங்கைப் பாடநூலில் இரசாயனத் தாக்கம் என்பார்கள். நாம் வினை என்னும் இடத்தில் அவர்களுக்குத் தாக்கம். ஆகவே நமக்கு இடைவினை, அவர்களுக்கு இடைத்தாக்கம். இரண்டு கட்டமைப்பும் ஒன்றே. இங்கே தாக்கம் என்றால் பாதிப்பு, விளைவு என்ற பொருள் மேலோங்கி நிற்பதால் நம் மாணவர்களுக்கு அது சற்று ஒருபக்கமாகத் தோன்றும். அவ்வளவுதான் வேறுபாடு.

பெயர்ச்சொல்லே இல்லாமல் இதைச் சொல்ல முடியாதா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த வழியும் இதுதான். ஆங்கிலம் இந்தக் கருத்தை ஒரு பெயர்ச்சொல்லில் அடைத்து வைத்திருக்கிறது. தமிழ் அதை வினைமுற்றிலேயே வைத்திருக்கிறது.

'பேசினார்கள்' என்று எழுதிப் பாருங்கள். மேடையில் ஒவ்வொருவராகப் பேசியிருக்கலாம். 'பேசிக்கொண்டார்கள்' என்று எழுதுங்கள். உடனே இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்துவிடுகிறார்கள். பார்த்தார்கள், பார்த்துக்கொண்டார்கள். அடித்தார்கள், அடித்துக்கொண்டார்கள். விட்டுக்கொடுத்தார்கள், விட்டுக்கொடுத்துக்கொண்டார்கள். 'கொள்' என்ற துணைவினை வந்து ஒட்டியதும் செயல் இரண்டு பக்கமும் பாய்கிறது. எல்லா இடத்திலும் கொள் இந்தப் பொருளைத் தராது என்பது உண்மை. 'எழுதிக்கொண்டாள்' என்றால் தனக்காக எழுதினாள் என்று பொருள். ஆனால் ஆட்கள் இருவர் அல்லது பலர் என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலும் இந்தப் பொருள்தான் முன்னுக்கு வரும்.

இதோடு ஒருவருக்கொருவர், ஒருவரையொருவர், ஒன்றோடொன்று, தங்களுக்குள், மாறி மாறி, கொடுத்து வாங்கி என்று எத்தனை சொற்கள் கைவசம் இருக்கின்றன! 'மாணவர்களுக்கிடையிலான இடைவினையை மேம்படுத்துதல் வேண்டும்' என்று ஒரு பள்ளி அறிக்கையில் இருந்தது. அதை 'மாணவர்கள் ஒருவரோடொருவர் இன்னும் நன்றாகப் பழக வேண்டும்' என்று மாற்றினேன். தலைமை ஆசிரியர் படித்துவிட்டு, "இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன்" என்றார்.

பள்ளியில் 'இன்டராக்‌ஷனுக்கு வாருங்கள்' என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் குழந்தையைக் கேள்வி கேட்டார்கள். அதுவா இன்டராக்‌ஷன்?

இல்லை. அது நேர்முகத் தேர்வு. என் பக்கத்து வீட்டுத் தங்கை தன் மகளை முதல் வகுப்பில் சேர்க்கப் போனபோது இது நடந்தது. பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். குழந்தையிடம் நிறங்களைச் சொல்லச் சொன்னார்கள், எண்களை எழுதச் சொன்னார்கள். பெற்றோரிடம் என்ன வேலை, எவ்வளவு படிப்பு, வீட்டில் எந்த மொழி பேசுவீர்கள் என்று கேட்டார்கள். பெற்றோர் ஒரு கேள்வி கேட்க வாய் திறந்தபோது "நேரம் முடிந்தது" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த தங்கை என்னிடம், "அண்ணா, இன்டராக்‌ஷன் என்றால் பரீட்சையா?" என்று கேட்டாள்.

2009ஆம் ஆண்டின் குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ எந்த வடிகட்டும் முறைக்கும் உட்படுத்தக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். (சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.) தேர்வு என்ற சொல்லைப் பயன்படுத்த முடியாது என்றவுடன் அந்த இடத்தில் இன்டராக்‌ஷன் என்ற சொல்லைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சொல்லுக்கு இழைக்கும் அநீதி இது; அந்தக் குழந்தைக்கு இழைக்கும் அநீதி இன்னும் பெரியது.

அழைப்பு வந்தால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: 'நாங்களும் கேள்வி கேட்கலாமா?' ஆம் என்றால் அது சந்திப்பு. இல்லை என்றால் அது தேர்வு, என்ன பெயர் வைத்தாலும்.

கலந்துரையாடல், கருத்துக் கேட்பு, பேச்சுவார்த்தை: மூன்றும் ஒன்றா?

மூன்றும் வேறு வேறு. யாருடைய பேச்சுக்கு யார் கட்டுப்பட்டவர் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

கலந்துரையாடலில் எல்லோரும் சமமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். முடிவு எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பேச்சுவார்த்தையில் இரண்டு தரப்பு, இரண்டு தேவை, முடிவில் ஓர் உடன்பாடு. பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. அவரோடு நின்றார். அதற்கு முன்பு ஆலையில் முதலாளி சொல்வார், தொழிலாளி கேட்பார். எதிர்ப்பக்கத்தில் ஒரு சங்கம் வந்து உட்கார்ந்த பிறகுதான் அது பேச்சுவார்த்தை ஆக முடிந்தது.

கருத்துக் கேட்பு இந்த இரண்டும் அல்ல. புதிய ஆலையோ துறைமுக விரிவாக்கமோ வரும்போது எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கத்து மக்களுக்கு இந்தச் சொல் நன்றாகப் பழக்கம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடப்பது. மக்கள் பேசுவார்கள், அதிகாரிகள் பதிவு செய்வார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: கூட்டம் முடியும்போது, பேசப்பட்டவற்றின் சுருக்கத்தை மக்கள் மொழியில் விளக்கி அங்கேயே வாசித்துக் காட்ட வேண்டும் என்று அந்த அறிவிக்கையே சொல்கிறது. போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். நான் மொழிபெயர்க்கும் அழைப்பிதழில் கருத்துக் கேட்பை யாராவது 'கலந்துரையாடல்' என்று போடச் சொன்னால் மறுத்துவிடுவேன். கலந்து பேச இடமில்லாத கூட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்தால் நம்பி வருகிறவர்களை ஏமாற்றுவதாகிவிடும்.

இயற்பியலில் சொல்லும் நான்கு அடிப்படை இடைவினைகள் எவை?

ஈர்ப்பு, மின்காந்தம், வலிய அணுக்கரு இடைவினை, மெலிந்த அணுக்கரு இடைவினை. பள்ளியில் விசை என்றும் சொல்வார்கள். ஈர்ப்பு நம்மைத் தரையில் நிறுத்துகிறது. மின்காந்தம் அணுக்களைச் சேர்த்து மேசையாகவும் நாற்காலியாகவும் வைத்திருக்கிறது. வலியது அணுக்கருவைக் கட்டி வைத்திருக்கிறது. மெலிந்தது சில கதிரியக்கச் சிதைவுகளுக்குக் காரணம். இந்த இரண்டும் அணுக்கரு அளவுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் நம் கண்ணுக்கு எட்டுவதில்லை.

ஈர்ப்புதான் பெரியது என்று நினைப்போம். ஆனால் இரண்டு புரோட்டான்களை எடுத்துக்கொண்டால், அவை மின்விசையால் ஒன்றையொன்று தள்ளும் அளவு, ஈர்ப்பால் இழுக்கும் அளவைவிட 1க்குப் பின் 36 சுழிகள் போட்டால் வரும் எண்ணின் மடங்குக்கும் மேல்.

விசைக்குப் பதிலாக இடைவினை என்று ஏன் சொல்கிறார்கள்? விசை என்றவுடன் தள்ளுவதும் இழுப்பதும்தான் மனதில் வரும். மெலிந்த இடைவினை ஒரு நியூட்ரானைப் புரோட்டானாகவே மாற்றிவிடுகிறது. அது தள்ளலும் இல்லை, இழுவையும் இல்லை. அதனால்தான் விரிந்த பொருள் உள்ள சொல் தேவைப்படுகிறது.

புள்ளியியலில் 'இன்டராக்‌ஷன் எஃபெக்ட்' என்றால் என்ன? புத்தகத்தில் படித்தால் தலை சுற்றுகிறது.

கருவாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மீனுக்கு உப்பு மட்டும் போட்டு நிழலில் வைத்தால் 2 நாள் கூடுதலாகத் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உப்பில்லாமல் வெயிலில் மட்டும் வைத்தால் 3 நாள் கூடுதல். (கணக்கு புரிவதற்காக நான் போட்ட எண்கள் இவை.) இரண்டையும் செய்தால் 5 நாள் கூடுதலாக வர வேண்டும் அல்லவா? ஆனால் உப்பிட்டு நன்றாகக் காயவைத்த கருவாடு மாதக்கணக்கில் தாங்குகிறது. கூட்டலுக்கு மேல் வந்த அந்த மிகுதிதான் ஊடாட்ட விளைவு. வெயிலின் பலன் எவ்வளவு என்று கேட்டால் 'உப்பு போட்டாயா?' என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. அப்படித் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தால் அங்கே ஊடாட்டம் இருக்கிறது.

கூட்டலுக்குக் கீழே குறைந்தாலும் அது ஊடாட்டம்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூரில் நடந்ததும் இப்படிப்பட்டதே. வெள்ளம் மட்டும் வந்திருந்தால் வடிந்திருக்கும். எண்ணெய் மட்டும் கசிந்திருந்தால் கசிந்த இடத்தைச் சுற்றி நின்றிருக்கும். இரண்டும் சேர்ந்ததால் வெள்ளம் எண்ணெயைச் சுமந்துகொண்டுபோய்க் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்திலும் அலையாத்திச் செடிகளிலும் மீனவர் படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் பூசிவிட்டது. வெள்ளத்தின் சேதம் இவ்வளவு, எண்ணெயின் சேதம் இவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல வருபவர்களிடம் கருவாட்டுக் கணக்கைச் சொல்லுங்கள்.

சமூகவியலில்?

சமூக இடைவினை என்பதே பாடநூல் வழக்கு. மனிதர்கள் ஒருவர் செயலுக்கு மற்றவர் பொருள் கண்டு, அந்தப் பொருளுக்கு ஏற்ப நடந்துகொள்வதைப் பற்றிய கொள்கைக்குக் குறியீட்டு இடைவினைவாதம் என்று பெயர். ஆங்கிலப் பெயரை 1937இல் வைத்தவர் ஹெர்பர்ட் புளூமர். அடித்தளம் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீடுடையது. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

'இன்டராக்டிவ்' என்பதற்கு என்ன எழுதுவது?

ஊடாடும். ஊடாடும் பலகை, ஊடாடும் வரைபடம். ஒரு காலத்தில் கணினிக்கு வேலை கொடுக்க வேண்டுமானால் அட்டைகளில் துளையிட்டு ஒரு கட்டாகக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு சொல் சொல்ல முடியாது. பிறகு, நாம் ஒன்றைத் தட்டினால் உடனே அது ஒன்றைச் சொல்லும், அதைப் பார்த்து நாம் அடுத்ததைத் தட்டலாம் என்று ஆனது. அந்த முறைக்குத்தான் இந்தப் பெயர். ரயில் நிலையத்து டிக்கெட் இயந்திரம் எங்கே போக வேண்டும், எத்தனை பேர் என்று கேட்டுக் கேட்டுச் செய்வது ஊடாட்டம். சுவரில் ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத் திரை ஊடாட்டம் இல்லை. அது எவ்வளவு பளபளத்தாலும் நம்மை ஒன்றும் கேட்பதில்லை.

மொழிகளும் ஒன்றோடொன்று ஊடாடுமா?

வடசென்னையில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதா! ஜார்ஜ் டவுனில் பத்து நிமிடம் நடந்தால் தமிழும் தெலுங்கும் உருதும் குஜராத்தியும் மார்வாரியும் காதில் விழும். காலைச் சிற்றுண்டியை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் நாஷ்டா என்பார்கள்; அது உருது வழியாக வந்தது. அப்பாவை நைனா என்பார்கள், அது தெலுங்கு. சாவியும் ஜன்னலும் மேசையும் அலமாரியும் போர்த்துக்கீசியம்.

இதில் நான் மணிக்கணக்கில் பேசக்கூடியது ஊர்ப் பெயர்களைப் பற்றி. 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட். அவர் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம் காலெட் பேட்டை. தமிழர் வாய்க்குக் காலெட் புதிது, காலடி பழையது. காலெட் பேட்டை காலடிப்பேட்டை ஆயிற்று. இன்று மெட்ரோ ரயில் நிலையத்தின் பலகையிலும் அப்படித்தான் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களிடம் கேட்டால் எந்தத் துரையின் பெயரும் நினைவுக்கு வராது. யாருடைய காலடியோ பட்ட இடம் என்று நினைத்துக்கொள்வார்கள். அதேபோல ஆர்மீனிய வணிகர்கள் வாழ்ந்த தெரு, ஆங்கிலத்தில் ஆர்மேனியன் தெரு, தமிழில் அரண்மனைக்காரன் தெரு. அங்கே அரண்மனை கிடையாது. 1772இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம்தான் இருக்கிறது.

இதைத் திரிபு என்று வருத்தப்படுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வெள்ளைக்காரர் தன் பெயரைக் கொடுத்தார். ஊர் அதை வாங்கித் தனக்குப் பொருள் தெரியும்படி நெய்துகொண்டது. வந்த பெயரும் மாறியது. அந்தப் பெயரால் ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையும் மாறியது.

இன்டராக்‌ஷன் என்று தமிழ் எழுத்திலேயே எழுதிவிட்டால் என்ன?

பஸ்ஸையும் டிக்கெட்டையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம். ஆனால் பஸ்ஸைக் கண்ணால் பார்க்கலாம். பொருள் விளங்காத ஒரு கருத்துச் சொல்லை எழுத்து மாற்றி மட்டும் வைத்தால், பள்ளிச் சேர்க்கையில் நடந்தது போல, யார் வேண்டுமானாலும் அதற்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம். இந்தப் பக்கத்தில் நான் அதை எழுதியிருப்பது, அதைப் பற்றியே பேசுவதால்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை?

இடைவினை என்பதில் றன்னகரம்தான். 'இடைவிணை' என்று எழுதக் கூடாது. நடுவில் ஒற்று மிகாது. இடைத்தாக்கத்தில் மிகும். வினைச்சொல்லாக வேண்டுமானால் இடைவினை புரிகின்றன, இடைவினையாற்றுகின்றன. 'இடைவினை செய்கின்றன' என்றால் செயல் இரண்டு முறை வருகிறது. காதுக்கு நன்றாக இல்லை.

காசிமேட்டு ஆயாவுக்கு என்ன எழுதினீர்கள்?

முதலில் அவரிடமே கேட்டேன். "ஆயா, ஒரு மருந்தோடு இன்னொன்றைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாது என்பதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?" "சேராது என்போம். மீனும் தயிரும் சேராது என்று எங்கள் அம்மா சொல்வாள்" என்றார். மீனும் தயிரும் பற்றி மருத்துவர்கள் வேறு கருத்து சொல்லக்கூடும். ஆனால் அந்தச் சொல்லைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அதில் இன்னொரு வசதியும் உண்டு: சேராது என்பதற்கு எதிராகச் சேரும் என்றும் சொல்லலாம். எல்லா இடைவினையும் கெடுதல் இல்லையே.

மருத்துவர் சொல்லச் சொல்லத் திருத்தி எழுதிய தாள் இப்படி முடிந்தது:

எந்த மருந்து எதனோடு சேரும், எதனோடு சேராது?

இரும்புச் சத்து மாத்திரையும் டீயும் சேராது. டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் ஏறுவது குறைந்துவிடும். எலுமிச்சைச் சாறு சேரும். இரும்புச் சத்து நன்றாக ஏறும்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடுங்கள். கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை இரண்டும் அதோடு சேராது. 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

டெட்ராசைக்ளினும் சிப்ரோஃப்ளாக்சசினும் பாலோடு சேராது. தண்ணீரோடு விழுங்குங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ரத்தக் கசிவு ஏற்படலாம். கீரையை நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் இல்லை என்று இல்லாமல் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள்.

வேறு மருத்துவரிடம் போனால், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். "இதெல்லாம் சேருமா?" என்று கேளுங்கள்.